சைக்கிள் கொட்டகையில் ஓட்டத் தெரியாதவள்

சந்தோஷமாக இருப்பது என்று முடிவுகட்டிக்கொண்டு வருகிற ஜனங்களுக்குச் சாமான் வாடகைக்கு விடுவது மாதிரி ஒரு தொழில் கிடையாது. வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே வருவார்கள், அவர்கள் திரும்பிப் போகிறவரை நமக்குத்தான் சிரிப்பு வராது. ஜவுளிக்கடையோ ரயில்வே ஸ்டேஷனோ, எங்காவது கவுன்டருக்கு உள்பக்கம் நின்று பிழைத்தவர்கள் இதைப் படித்தால் 'அட, நம்ம ஆள்!' என்பீர்கள்.

ஆக்லாந்தில், நகரத்துக்கு நடுவே ஒரு பெரிய பூங்கா. குளமும் வாத்துகளும் உண்டு. பார்பக்யூ மேடை உண்டு, கிரிக்கெட் மைதானம் உண்டு, குழந்தைகள் உருண்டு விளையாட ஒரு புல் மேடும் உண்டு. வாசலை ஒட்டி ஒரு பச்சைக் கொட்டகை. சைக்கிள், நாலு பேர் சேர்ந்து மிதிக்கிற கூரை போட்ட வண்டி, பறக்கவிடுகிற காற்றாடி, மட்டை, பந்து எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். 2013 அக்டோபரிலிருந்து அடுத்த ஈஸ்டர் வரை, அதாவது இந்த ஊர்க் கோடை பூராவும், அந்தக் கொட்டகையில் நான்தான் நின்றேன்.

மூன்று தெரியும்

திருச்சியில் ஆறு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவள் நான். என் வீட்டுக்காரருக்கு இங்கே கம்ப்யூட்டர் வேலை கிடைத்ததால் மவுண்ட் ரோஸ்கில்லில் வந்து குடியேறினோம். ஒன்றரை வருஷம் விண்ணப்பம் போட்டேன். போட்ட இடத்தில் எல்லாம் ஒரே கேள்வி: நியூசிலாந்தில் வேலை பார்த்த அனுபவம் உண்டா? யாராவது வேலை கொடுத்தால்தானே அனுபவம் வரும்? இதைக் கேட்க ஆள் இல்லாமல் சுவரோடு கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் இருந்த அத்தனை டப்பாக்களுக்கும் பெயர் எழுதி ஒட்டி முடித்திருந்த சமயத்தில்தான் பூங்காவிலிருந்து நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

கொட்டகையின் பொறுப்பாளர் ஜூடி. ஐம்பது வயது தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி, எந்தக் குளிரிலும் அரை டிராயர்தான் போடுவார். மூன்று கேள்வி கேட்டார். கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியுமா? சைக்கிள் ஓட்டத் தெரியுமா? துடுப்புப் படகு விடத் தெரியுமா? நேர்முகத்தில் 'தெரியாது' என்று சொல்ல நம்மை யாரும் பழக்கவில்லையே. மூன்றுக்கும் "தெரியும்" என்றேன். முதலாவது சத்தியமான உண்மை. பென்ஷன் தேதியில் வங்கிக் கவுன்டரில் நின்றவளுக்கு எந்தக் கூட்டமும் கூட்டமில்லை. இரண்டாவது பச்சைப் பொய். என் அண்ணன் தன் சைக்கிளைத் தொடக்கூட விட்டதில்லை. மூன்றாவதோ, முக்கொம்பில் கரையில் நின்று படகைப் பார்த்ததோடு சரி.

இது ஒரு கோடைக்கு மட்டும்தான், நன்றாக நடந்தால் ஈஸ்டருக்குப் பிறகு கொட்டகை வருஷம் முழுக்க இருக்கும், ஒருவருக்கு நிரந்தர வேலை என்றார் ஜூடி. அந்த ஒருவர் சாயங்காலம் சைக்கிளில் பூங்காவைச் சுற்றிவந்து, ஜனங்கள் அங்கங்கே போட்டுவிட்டுப் போகிற வண்டிகளைக் கண்டுபிடிக்கவேண்டும். அதுவரை அந்த வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். எனக்கு அந்த நிரந்தர வேலை வேண்டும், வேண்டவே வேண்டும் என்று அந்த நிமிஷமே மனசு அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும், ஒன்பது வயது மகள் நிலா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "பட் அம்மா, யூ கான்ட் ரைடு அ பைக்!"

பிரேக், டயர், பெல்

அக்டோபரில் புது வண்டிகள் வந்து இறங்கின. அந்த வாரம்தான் ஆயுத பூஜை. பன்னிரண்டு புது வண்டி பொட்டில்லாமல் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வேலியில் மாட்டிவைப்பது வழக்கம். அதில் ஒரு பை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் முன்னதாகவே போய், எல்லா வண்டிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்துக்கு அடியில் பழத்தையும் வைத்தேன். ஒவ்வொன்றாகத் தள்ளி நசுக்கிக்கொண்டிருந்தபோது ஜூடி வந்துவிட்டார்.

விளக்கம் சொன்னேன். கண் விரியக் கேட்டுவிட்டு, "ஏறி ஓட்டி நசுக்கக் கூடாதா?" என்றார். "முதல் தடவை தள்ளித்தான் போகணும். அதுதான் சாஸ்திரம்" என்று ஒரு போடு போட்டேன். அதன் பிறகு கோடை பூராவும் வண்டிகளைத் தள்ளிக்கொண்டேதான் திரிந்தேன். பேன்ட்டின் இடது காலில் செயின் எண்ணெய் பட்டுப் பட்டு, எந்த சோப்புக்கும் போகாத ஒரு கறுப்புக் கறை குடியேறிவிட்டது.

அந்தக் கோடையில் ஒருவர்கூட விழுந்து அடிபடவில்லை. இந்த ஊரில் பாதுகாப்புப் படிவம் நிரப்பாமல் ஒரு பந்தைக்கூட வெளியே கொடுக்க முடியாது. கிறிஸ்துமஸ் வாரத்தில் பார்த்தால், தினமும் காலையில் நிரப்புகிற அந்தத் தாளில் ஜூடி தன் கையால் புதிதாக ஒரு கட்டம் போட்டுவைத்திருக்கிறார். பேனாவை என்னிடம் நீட்டிச் சொன்னார்: "பிரேக், டயர், பெல், எலுமிச்சை. நாலையும் பார்த்து டிக் பண்ணு."

நாலு பேர் மிதிக்கும் வண்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்துக் குடும்பம் ஒன்று வந்தது. அப்பா, அம்மா, காலேஜ் போகிற இரண்டு பெண்கள். அப்பா கணக்காளராம். நாலு பேர் வண்டியைச் சுற்றிவந்து பரிசோதித்துவிட்டு, எல்லாரும் ஒரே அளவாக மிதித்தால்தான் வண்டி நேராகப் போகும் என்று வீட்டாருக்கு ஒரு சொற்பொழிவு நடத்தினார். "ஓம் அப்பா, ஓம் அப்பா" என்று மூவரும் தலையாட்டினார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து வண்டி திரும்பி வந்தது. அவர் சட்டை பிழிந்து காயப்போடுகிற மாதிரி இருந்தது. மற்ற மூவர் முகத்திலும் பவுடர்கூடக் கலையவில்லை. "பாத்தீங்களோ, நாலு பேரும் ஒற்றுமையா மிதிச்சா எவ்வளவு சுகமாப் போகுது!" என்று மூச்சுவாங்கிக்கொண்டே சொல்லிவிட்டுத் தண்ணீர் தேடிப் போனார். அம்மா கவுன்டரில் குனிந்து என் காதோடு சொன்னார்: "மேட்டிலகூட நாங்கள் காலைத் தூக்கி வச்சுக்கொண்டுதான் இருந்தனாங்கள், நீங்கள் ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ பிள்ளை."

பார்பக்யூ மேடை

பார்பக்யூ மேடையில் யாரோ என்னவோ ஊற்றுகிறார்கள் என்று ஒரு புகார் வந்தது. "சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் என்னவென்று பார்" என்றார் ஜூடி. நடந்தால் உடம்புக்கு நல்லது என்று சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அங்கே பக்குரங்காவிலிருந்து வந்த மலேசியத் தமிழ் அம்மா ஒருவர் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். இந்த ஊர்ப் பூங்காக்களில் ஒரு பொத்தானை அமுக்கினால் சூடாகிற இரும்புத் தட்டு இருக்கும், யாரும் சமைக்கலாம். ஆனால் கொழுப்பு வடிவதற்காக அதன் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். மாவு ஊற்றினால் அத்தனையும் அதில் இறங்கிவிடும். அந்த அம்மா பாதி வெங்காயத்தால் தட்டு முழுக்க எண்ணெய் தேய்த்தார். பிறகு அதே வெங்காயத்தைக் கவிழ்த்து ஓட்டையில் அழுத்தினார். கச்சிதமாகப் பொருந்தியது. மாவு நின்றது, தோசை முறுகியது. "ஒண்ணுமில்ல லா, பிள்ளைங்களுக்குப் பசி" என்று எனக்கும் ஒன்று நீட்டினார்.

பக்கத்துத் தட்டில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரக் குடும்பத்துப் பையன்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். அவர்கள் பின்னாலேயே பக்கத்து மேசைக் கொரியாக்காரர்கள், அப்புறம் டோங்கா நாட்டுச் சர்ச் கூட்டம். முக்கால் மணி நேரத்தில் மாவுப் பாத்திரம் காலி. தனியாக நின்ற சாசேஜ்காரர் இடுக்கியோடு என்னிடம் வந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "அந்த வெங்காயமும் உங்கள் கொட்டகையில் வாடகைக்குக் கிடைக்குமா?"

தூரத்து மரம்

மார்ச் மாதத்தில் ஏவன்டேலிலிருந்து கவிதா வந்தாள். சென்னைப் பெண், முப்பது வயதிருக்கும், ஆஸ்பத்திரி லேபில் வேலை. ஒரு சைக்கிளைக் கேட்டு வாங்கிவிட்டு நகராமல் நின்றாள். "எனக்கு ஓட்டத் தெரியாதுக்கா. ஆம்பளைங்க முன்னாடி விழ வெக்கமா இருக்கு. நீங்க நிக்கிறதப் பாத்துட்டுத்தான் வந்தேன். கத்துக்குடுங்களேன்" என்றாள்.

நல்ல ஆளைப் பார்த்துத்தான் கேட்டாள்! ஜூடி வேறு பத்தடி தள்ளி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார். இனி பின்வாங்க வழியில்லை. ஐந்து மாதமாக எத்தனை அப்பாக்கள் எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்! எல்லாவற்றையும் திரட்டி எடுத்துவிட்டேன். "சக்கரத்தைப் பாக்காதீங்க, தூரத்துல அந்த மரத்தப் பாருங்க. பயந்து பயந்து மெதுவாப் போனாத்தான் சாயும். நான் பிடிச்சிருக்கேன், மிதிங்க." சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். நாலாவது தடவை கையை விட்டேன். அவள் போய்விட்டாள்! மரம் வரைக்கும் போய், அங்கேயே காலை ஊன்றி நின்று, 'ஓ'வென்று கத்தினாள்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி சந்தோஷம், பாதி பொறாமை. மறைத்து என்ன, பொறாமைதான் கொஞ்சம் கூடுதல். கவிதா திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "இவ்ளோ நல்லா சொல்லிக்குடுக்கிறீங்களே, நீங்க எத்தனை வருஷமா ஓட்டுறீங்கக்கா?"

வலது கால்

அன்றைக்கே இரவல் சைக்கிள் ஒன்றைத் தள்ளிக்கொண்டு, நிலாவையும் கூட்டிக்கொண்டு எங்கள் தெரு முனைப் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போனேன். தினமும் சாயங்காலம் அவள் பின்னால் பிடிப்பாள், நான் விழுவேன். கவிதாவுக்குச் சொன்ன பாடத்தையே ஒரு வரி விடாமல் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஊராருக்குப் பலித்தது எனக்குப் பலிக்கவில்லை. மூன்று வாரத்தில் நேராகப் போக வந்தது. இடது பக்கம் திரும்ப வந்தது. வலது பக்கம் திரும்ப மட்டும் கடைசிவரை வரவில்லை.

ஈஸ்டர் முடிந்த சனிக்கிழமை ஜூடி கூப்பிட்டார். கொட்டகை நிரந்தரமாகிவிட்டது, ஒரு வேலை இருக்கிறது. "பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி, எங்கே என்ன வண்டி கிடக்கிறது என்று பார்த்துவிட்டு வா" என்று ஒரு சைக்கிளைக் காட்டினார். இத்தனை நாள் தின்ற உப்புக்கு உண்மையைச் சொல்லிவிடலாம், வேலை போனால் போகட்டும் என்று தோன்றியது. "ஜூடி, உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும்" என்று ஆரம்பித்தேன். அவர் கையமர்த்தினார். அரை டிராயர் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். "முதல் தடவைதான் தள்ளணும் என்று சொன்னாய். அது முடிந்து ஆறு மாதம் ஆகிறது. இப்போது ஓட்டு."

ஏறினேன். பழம் நசுங்கியது. தூரத்தில் மரத்தைப் பார்த்தேன். குளத்தைச் சுற்றிப் போகிற பாதை முழுக்க இடது பக்கமாகவே வளைகிறது; அதைப் போட்ட புண்ணியவான் நன்றாக இருக்கட்டும். ஒரு நாயையும் இரண்டு வாத்துகளையும் பயமுறுத்தினேன், அவையும் என்னைப் பயமுறுத்தின. காற்று முகத்தில் அடித்தபோது, கடல் தாண்டி வந்து இரண்டு வருஷத்தில் முதல்முறையாக இந்த ஊர் எனக்கும் சொந்தம் என்று தோன்றியது. சொன்னால் சிரிப்பீர்கள், வாய்விட்டுப் பாடிக்கொண்டே வந்தேன். குளத்துக்குப் பின்னால் இரண்டு வண்டி, மேட்டடியில் ஒரு வண்டி என்று கணக்கும் சரியாக எடுத்தேன். கொட்டகை வாசலில் பிரேக்கைத் தேடுவதற்குள் காற்றாடி அடுக்கில் போய் மோதி, ஏழெட்டுக் காற்றாடிகளுக்கு நடுவே உட்கார்ந்தேன்.

எழுந்ததும் எழாததுமாக, "நேர்முகத்தில் நான் பொய் சொன்னேன்" என்று கொட்டிவிட்டேன். ஜூடி சிரிக்கவில்லை. குனிந்து என் பேன்ட்டைக் காட்டினார். சைக்கிளின் செயின் வலது பக்கம் இருக்கிறது. ஓட்டுகிறவர்களுக்குக் கறை வலது காலில்தான் படும். செயின் பக்கமாக நின்று தள்ளுகிறவர்களுக்குத்தான் இடது காலில் படும் என்றார். நான் குனிந்து பார்த்தேன். இடது காலில் பழைய கறை. வலது காலில் புதிதாக, ஈரமாக, விரல் நீளத்துக்கு ஒன்று. ஜூடி சொன்னார்: "முதல் வாரத்திலேயே எனக்குத் தெரியும், இன்றைக்குத்தான் கறை சரியான காலில் வந்திருக்கிறது, திங்கட்கிழமை கையெழுத்துப் போட வந்துவிடு."

ஆக, 'தெரியும்' என்று சொல்லிவிட்டு அப்புறம் கற்றுக்கொள்கிற என் இனத்தாரே, ஒரு பொய்யை உண்மையாக்க எனக்கு ஆறு மாதமும் ஒரு பேன்ட்டும் செலவானது, வருகிற கோடையில் குளத்தில் துடுப்புப் படகு விடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று வாத்துகளின் காலைப் பார்த்து அளந்துகொண்டிருக்கிறேன்.