கிராணி காரில் போன சோறு

எங்கள் லயத்து வீடுகளில் பஞ்சாலை என்று ஒருத்தி; அவளுக்கு வாய் நீளம். ஆசை அதைவிட நீளம். லாபு ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டே, மகள் வள்ளிநாயகியைச் சிரம்பானில் கட்டணம் வாங்கும் இங்கிலீஷ் கான்வென்ட் பள்ளியில் சேர்த்துவிட்டாள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்புக்கும் ஒரே வாத்தியார். முடித்தால் கையில் பால்வெட்டுக் கத்திதான்.

வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலம் அது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, லயத்தைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்கு வெளியே ஒரு பருக்கைகூட விடமாட்டார்கள். ரப்பர் பால் லோரியில் பள்ளிக்குப் போகும் வள்ளிநாயகியின் தூக்குச்சட்டியை வேலி வாசல் காவல்காரன் தினமும் பிடுங்கிக் கொட்டினான். எட்டு வயசுப் பிள்ளை ஒரு படைக்கே விருந்து வைக்கப் போகிறதாம், கர்மம்!

பஞ்சாலை யோசித்தாள். மதியச் சோற்றையும் விடியற்காலையிலேயே சேர்த்துத் திணித்து அனுப்பினாள். பிள்ளை வகுப்பில் போய்க் குறட்டை விட்டது. பரீட்சையில் கடைசி. இன்னொரு தடவை இப்படியென்றால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள் பள்ளியில்.

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி கனகசுந்தரம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் மகள் பூரணமும் அதே வகுப்பு, முதல் மார்க்கு.

"தோட்டத்துப் பிள்ளையளுக்கு மூளை அவ்வளவுதான், பஞ்சாலை. தமிழ்ப் பள்ளிக்கூடமே காணும், இங்கிலீஷ் என்னத்துக்கு?" என்றார்.

"மூளை இருக்குங்கய்யா, சோறுதான் இல்ல. ஒங்க காரை எவனும் தொறந்து பாக்குறதில்லயே, எம்புள்ள சட்டியையும் அதுல வச்சுக்குங்களேன்."

"ஐயோ, சட்டம் விடாது!"

"பூரணம் டிபனை மட்டும் விடுமாக்கும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்த பரீட்சை நாள். தூங்கிவிடுமென்ற பயத்தில் பிள்ளைக்கு அரை வயிறுதான் கொடுத்திருந்தாள். சட்டியிலிருந்ததும் வழக்கம்போல மண்ணுக்குப் போனது. அன்றைக்கு வாசலில் வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி வேறு. கிராணி கார் வந்ததும் காவல்காரன் சலாம் போட்டு வழி மறிக்கும் கட்டையைத் தூக்கினான். பஞ்சாலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காருக்கு முன்னால் போய் நின்று, அதிகாரிக்குப் புரிய மலாயும் கலந்து கத்தினாள்.

"துவான், நாசி அடா! இந்தக் காருலயும் சோறு இருக்குலா!"

அதிகாரி பார்க்கும்போது காவல்காரன் என்ன செய்வான்? பூரணத்தின் டிபனும் மண்ணுக்குப் போனது. பாவம், அந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தது?

மார்க்கு வந்தது. வள்ளிநாயகி கடைசி, பூரணம் அதற்கு முந்தி. கிராணி பள்ளிக்கு ஓடினார். "பசியோட பிள்ளை எப்பிடி எழுதும்?" என்று சண்டை போட்டார். அப்படியானால் பசியோடு எழுதிய அந்த இன்னொரு பிள்ளைக்கும் அதே நியாயம்தான் என்றார் தலைமைக் கன்னியாஸ்திரி. இரண்டு பேருக்கும் மறுபரீட்சை. அதற்குள் பள்ளிப் பிள்ளைகளின் சோற்றால் நாட்டுக்கு ஆபத்தில்லை என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கு, கிராணி போய்ச் சொன்னதும் திடீரென்று விளங்கிவிட்டது; சட்டியைக் கொட்டுவதும் நின்றது.

பூரணம் மறுபடி முதல். வள்ளிநாயகி ஐந்தாவது.

மறுநாள் காலை, வேலையாட்கள் கூடும் பெரட்டில் கணக்கெடுத்துக்கொண்டிருந்த கிராணிக்கு முன்னால் போய் நின்றாள் பஞ்சாலை.

"மூளை கெடைச்சிருச்சுங்கய்யா. இத்தன நாளும் சட்டிக்குள்ளதான் கெடந்திருக்கு."