சி டாக்கில் நிரம்பிய டேங்க்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். நம்ம தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு இளைஞர்கள் தங்கள் வேலை அனுபவத்தை எழுத வேண்டும் என்று அக்கா மூலமாகக் கேட்டார்கள். மற்ற பசங்கள் எல்லாம் ஜாவா, ஆரக்கிள் என்று எழுதுவார்கள். நான் எழுதினால் மலரில் மலம்தான் இருக்கும் என்றேன். அக்கா கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். பிறகு அவளே வந்து, "சரி, எழுதித் தொலை. கொஞ்சம் நாசூக்கா எழுது" என்றாள். நாசூக்கு எனக்கு வராது. பத்தாவதோடு ராயபுரத்துப் பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது.

சான்டா கிளாராவில் யாராவது ஆன்ட்டி என் வேலையைப் பற்றிக் கேட்டால் அக்கா "மெரைன் லைன்" என்பாள். பொய் இல்லை. வளைகுடா ஓரத்தில், சொந்தப் படகுகளைக் கட்டி வைக்கும் மெரினா ஒன்றில், அந்தப் படகுகளின் கக்கூஸ் டேங்கைக் காலி பண்ணுவதுதான் வேலை.

1. வாயை மூடித் திற

படகுக் கக்கூஸுக்கு ஹெட் என்று பெயர். கைப்பம்பு அடித்தால் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு போகும். அது கடலில் விழக் கூடாது, சட்டம். படகுக்குள்ளேயே ஹோல்டிங் டேங்க் என்று ஒன்று இருக்கும், அதில் சேரும். நிறைந்தால் நான் போவேன். சக்கரம் வைத்த பம்பை படகுகள் இருபுறமும் கட்டியிருக்கும் டாக்கின் மரப்பலகை மேல் தள்ளிக்கொண்டு போய், படகின் மேல்தளத்தில் இருக்கும் மூடியைச் சாவி போட்டுத் திறந்து, ஹோஸை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஹோஸ் முனையில் கண்ணாடி மாதிரி ஒரு துண்டுக் குழாய் உண்டு. அதில் தண்ணீர் தெளியும்வரை ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். டிவி மாதிரி, ஆனால் ஒரே சேனல்.

முதல் நாள் ஒரு படகில் காற்றுக்குழாய் அடைத்துக்கொண்டு டேங்க் ஊதிப்போய் இருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. என் முதலாளி டெபியிடம் ஏதோ வாயடித்துக்கொண்டே மூடியைத் திருகினேன். நாசூக்காகச் சொல்வதென்றால், சட்டையைத் தூக்கிப் போட்டேன்.

டெபி அறுபது வயது வெள்ளைக்காரம்மா. மெரினா மேனேஜர். இங்கிலீஷில்தான் பேசுவார், நான் இங்கே போடுவது என் தமிழ். "ஹனி, மூடியத் திறக்குறப்போ வாய மூடணும். அவ்ளோதான் இந்த வேலை. மிச்சமெல்லாம் தானா வந்துரும்" என்றார்.

2. செவ்வாய்க்கிழமை வீக்கெண்ட்

படகில் குடியிருக்க எல்லோருக்கும் அனுமதி கிடையாது. மெரினாவில் கொஞ்சம் பேருக்குத்தான் அந்த பர்மிட். மற்றவர்கள் எல்லாம் வீக்கெண்டர். வெள்ளி, சனி, ஞாயிறு இரவு தங்கலாம், திங்கட்கிழமை போய்விட வேண்டும். இந்த விதியில் மட்டும் டெபி விட்டுக்கொடுக்கவே மாட்டார். மீறினால் மெரினாவின் லைசென்ஸுக்கே ஆபத்து.

டாட்காம் கம்பெனிகள் வரிசையாக இழுத்து மூடிக்கொண்டிருந்த வருஷம் அது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மூன்றாவது வரிசையான சி டாக்கில் பம்பைத் தள்ளிக்கொண்டு போகிறேன். கடுகு வெடிக்கிற சத்தம். பின்னாடியே கறிவேப்பிலை வாசனை. ஒரு பழைய பாய்மரப் படகு, பெயின்ட் உரிந்து கிடந்தது. நின்று, "என்ன சார், ரசமா?" என்றேன்.

சத்தம் நின்றது. ஸ்டவ்வை அணைத்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து மேல் கதவு ஒரு சாண் திறந்தது. நாற்பது வயது, மூக்குக்கண்ணாடி, நாலு நாள் தாடி.

"நான் வீக்கெண்டர்ங்க. வீக்கெண்ட் மட்டுந்தான் வருவேன்."

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமை சார்."

அவர் கதவை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். பயந்துபோன முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கிண்டல் நின்றுவிட்டது. "டெபிகிட்ட சொல்ல மாட்டேன் சார். ஒரு டம்ளர் ரசம் குடுங்க, வாய அடைச்சிரலாம்" என்றேன். கொடுத்தார். புளி கொஞ்சம் தூக்கல்.

அவர் பெயர் செந்தில்நாதன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோபிச்செட்டிபாளையம் பக்கம். சான் ரமோனில் பெரிய கம்பெனியில் இருந்தவரை ஒரு மதியம் அட்டைப்பெட்டியைக் கையில் கொடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். மனைவியையும் மகளையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, வாடகை கட்ட முடியாமல், கூட வேலை செய்தவன் சும்மா போட்டிருந்த படகில் வந்து ஒண்டிக்கொண்டார். இன்னொரு கம்பெனி எடுத்து விசாவை மாற்றினால்தான் அமெரிக்கா. அதுவரை இங்கே ஒரு கூரை வேண்டும். அந்தப் படகு போனால் விமானம்தான்.

அதற்கப்புறம் தினம் காலையில் அவர் படகுப் பக்கம் போவேன். கழுத்தில் டை கட்டிக்கொண்டு, படகுக்குள் குனிந்தபடியே போனில் இன்டர்வியூ பேசிக்கொண்டிருப்பார். "போன்ல டை தெரியாது சார்" என்பேன். "எனக்குத் தெரியுமில்லீங்க தம்பி" என்பார்.

3. யார் யார் இருக்கிறார்கள்

தனி ஆள் வீக்கெண்டில் மட்டும் வந்தால் அந்த அளவு டேங்க் மாசக்கணக்கில் தாங்கும். இவருடையது ஒரே வாரத்தில் நிரம்பியது. கரையில் பொதுக் கக்கூஸ் இருக்கிறது, ஆனால் அது டெபி ஆபீஸ் வாசலில். தினமும் காலையில் துண்டோடு அந்த வழியாகப் போனால் பிடிபட்டுவிடுவோம் என்று அவர் படகிலேயே முடித்துக்கொண்டார். சரி, அப்படியே இருந்தாலும் ஒரு ஆளுக்கு இவ்வளவு வராது. குழாயில் பார்த்தால் ஆரம்பத்திலிருந்தே தெளிவாக வந்தது, வெறும் தண்ணீர்.

உள்ளே எட்டிப் பார்த்தேன். ஹெட் பக்கத்தில் ஒரு பக்கெட், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் மக்.

"சார், ஒவ்வொரு வாட்டியும் மக்குல ஊத்திட்டு, அப்பறம் பம்பும் அடிக்கிறீங்களா?"

"பின்ன எப்படிங்க?"

"வெள்ளக்காரன் பேப்பர் போட்டுட்டு ரெண்டே அடி அடிப்பான். நீங்க பவானி ஆத்தயே டேங்க்ல எறக்கிட்டீங்க."

அவர் சிரிக்கவில்லை. டையைத் தளர்த்திக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"தம்பி, வீடு போச்சு. காரை வித்தாச்சு. புள்ளைய ஊருக்கு அனுப்பியாச்சு. இதையும் விடச் சொல்றீங்களா?"

மறுநாளிலிருந்து டெபி வருவதற்கு முன்னால் சீக்கிரமே போய் அவர் டேங்கை மட்டும் உறிஞ்சிவிட்டு வர ஆரம்பித்தேன். கொஞ்ச நாள் தப்பித்தோம். அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்து லீவு போட்டேன். ஒரு சனிக்கிழமை, பக்கத்துப் படகுக்காரர் குழந்தைகளோடு மேல்தளத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, செந்தில் சார் படகின் காற்றுக்குழாய் வழியாக டேங்க் பொங்கி வெளிப்பக்கமாக வழிந்திருக்கிறது.

4. டெபி ஆபீஸில்

திங்கட்கிழமை எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். செந்தில் சார் டை கட்டிக்கொண்டு வந்தார். டெபி கத்தவில்லை.

"அந்த டேங்க் ஒரு ஆளுக்கு இவ்ளோ சீக்கிரம் நிரம்பாது. உங்க படகுல எத்தன பேர ஒளிச்சு வெச்சிருக்கீங்க? குழந்தைங்க இருக்கா? குழந்தைங்க இருந்து ஏதாவது ஆனா நான் ஜெயிலுக்குப் போகணும்."

குடும்பத்தையே ஒளித்து வைத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார். செந்தில் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. பொய்யன் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை போல.

"மேடம், நான் ஒருத்தன்தான். எங்க பழக்கம் வேற. நாங்க தண்ணி உபயோகிப்போம்."

டெபிக்குப் புரியவில்லை. நான் கையால் ஜாடை காட்டினேன். புரிந்துவிட்டது. "ஓ" என்றார். கொஞ்சம் இளகினார். இத்தோடு முடிந்திருக்க வேண்டும். "தண்ணியக் கொஞ்சமா ஊத்துங்க" என்று அனுப்பியிருப்பார். நான் எழுந்தே விட்டேன்.

ஆனால் அவர் என்ஜினியர். நிரூபிக்காமல் அவரால் போக முடியாது. சுவரில் கடல் ஏற்ற இறக்கம் எழுதும் வெள்ளைப் பலகை இருந்தது. மார்க்கரை எடுத்துவிட்டார்.

"பாருங்க மேடம். ஒரு மக் இவ்வளவு. பம்ப் அடிக்கிறது இவ்வளவு. ஒரு நாளைக்கு இத்தனை தடவை."

நான் அவர் ஷூவை மிதித்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

"பெருக்கல் ஏழு நாள்" என்று எழுதி, கீழே கோடு போட்டு, விடையைச் சுற்றி வட்டமும் போட்டார். டேங்கின் அளவு அப்படியே வந்தது. பிசிறே இல்லை. திரும்பி, பரீட்சையில் பாஸ் ஆன பையன் மாதிரி டெபியைப் பார்த்தார்.

டெபி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அது பிடிக்கவில்லை, எனக்குத் தெரியும்.

"ஏழு நாளா?" என்றார் மெதுவாக.

செந்தில் சார் பலகையைத் திரும்பப் பார்த்தார். மார்க்கருக்கு மூடி போட்டார். 

மாசக் கடைசிவரை டெபி தவணை கொடுத்தார். அதற்குள் எந்தக் கம்பெனியும் கூப்பிடவில்லை. கடைசி நாள் நான்தான் டேங்கைக் காலி பண்ணி, சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அவர் டாக்கில் ஒரே ஒரு பெட்டியோடு நின்று, குழாயில் தண்ணீர் தெளிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏர்போர்ட்டுக்கு அக்கா காரில் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ஜோக் அடித்தேன். ஒன்றும் எடுபடவில்லை.

இந்த வேலைக்கு வரும் பசங்களுக்கு நான் சொல்வது இதுதான். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அது முடிந்ததும் எழுந்து வந்துவிடுங்கள். கணக்கு சரியாக இருக்கிறது என்பதற்காக யாரும் உங்களுக்குத் தங்க இடம் கொடுப்பதில்லை.

அந்தப் படகை அதன் சொந்தக்காரர் இன்னொரு வீக்கெண்டருக்குக் கொடுத்துவிட்டார். புது ஆள் கக்கூஸில் பேப்பர் போடுகிறவர். அந்த டேங்க் பக்கம் நான் போயே ரொம்ப நாளாகிறது.

செந்தில் சாரும் நானும் இப்போது சிநேகிதர்கள். ஊரில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார், வாரம் ஒரு முறை பிரவுசிங் சென்டருக்குப் போய் மெயில் பார்ப்பார். இதை எழுதி முடித்ததும் முழுவதையும் அவருக்கு அனுப்பி, "பேரை மாத்திட்டேன் சார், உங்களுக்கு ஓகேவா?" என்று கேட்டேன்.

பதில் வந்தது: "ஊரையும் மாத்திடுங்க தம்பி, நான் அமெரிக்காவுல அபார்ட்மென்ட்ல இருந்தேன்னுதான் வீட்ல இன்னும் நெனச்சிட்டிருக்காங்க."