வராத மாணவிக்கு நான் எழுதிய காரணங்கள்

சமூகவியல் கற்பிப்பது என்பது, எல்லோருக்கும் தெரிந்த வாழ்க்கையைத் தெரியாதது போல் மறுபடி பார்க்கச் சொல்லும் தொழில். மலேசியாவின் சிரம்பானில் ஒரு தனியார் கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்த அறிமுகப் பாடத்தை நடத்துகிறேன். வகுப்பறையில் நின்று தொண்டை வறண்டவர்கள், வீட்டுக்குப் போனபின் சொன்னதையெல்லாம் நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் இதைப் படித்தால் போதும். மற்றவர்களுக்கு இதில் பெரிய சுவாரசியம் இருக்காது.

முதல் வகுப்பு

ஒவ்வோர் ஆண்டும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவேன். "தோட்டத்தில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக உள்ள ஒரு லயம். அதில் ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால் அது அவர் கஷ்டம். லயம் முழுக்க யாருக்குமே வேலை இல்லை என்றால்?" அதற்குப் பிறகு, தனி மனிதனின் துன்பத்துக்கும் சமூகத்தின் பிரச்சினைக்கும் உள்ள வேறுபாட்டை முக்கால் மணி நேரம் விளக்குவேன்.

போன ஆண்டு அந்தக் கேள்விக்கு, ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் தர்ஷினி என்ற பெண் கையைக்கூட உயர்த்தாமல் பதில் சொன்னாள். என் முக்கால் மணி நேரத்தை ஒரே வரியில் முடித்துவிட்டாள். "அப்போ பக்கத்து வீட்டுக்காரன் சிரிக்க மாட்டான், சார்."

மூன்று கட்டம்

நான்காவது வாரம் ஒரு பயிற்சி உண்டு. வெள்ளைப் பலகையில் ஆளுக்கு மூன்று கட்டம் வரைந்து தாத்தா, அப்பா, தான் என மூன்று தலைமுறையின் தொழிலை எழுத வேண்டும். கூச்சம் போகட்டும் என்று முதலில் என்னுடையதை எழுதுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாத்தா ரயில்வேயில் குமாஸ்தா. அப்பா ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது தோட்ட ஆபீஸ் கணக்கர். நான் விரிவுரையாளர்.

தர்ஷினி பக்கத்திலேயே எழுதினாள். தாத்தா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தார். அப்பா செம்பனைக் குலை அறுக்கிறார். மூன்றாவது கட்டத்தில் 'மாணவி'. தோட்டத்தின் பெயரைக் கேட்டேன். என் அப்பா வேலை பார்த்த தோட்டம், நான் பிறந்த இடம். இப்படி ஓர் உதாரணம் இத்தனை ஆண்டுகளில் எனக்கு வாய்த்ததில்லை. உற்சாகத்தில் இரண்டு வரிசையையும் அம்புக்குறியால் இணைத்தேன். அவள் வரிசைக்குக் கீழே மட்டும் பெரிய கேள்விக்குறி போட்டு, "இந்த வரிசையிலிருந்து வெளியே வருவது விதிவிலக்கு" என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். என் வரிசைக்குக் கேள்விக்குறி போடத் தோன்றவில்லை.  தர்ஷினி பலகையைப் பார்த்தபடி சாதாரணக் குரலில் சொன்னாள். "காலையில பெரட்டுல எங்க தாத்தாவப் பேரு சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புனது உங்க அப்பாவாத்தான் இருக்கும், சார்."

காரணம் என்ற இடம்

அந்த வாக்கியத்தை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், அடுத்த ஆண்டு வகுப்புக்கு உதவும் என்று. இதை எழுதவே இப்போது கூசுகிறது.

அடுத்த வாரத்திலிருந்து தர்ஷினி வரவில்லை. மூன்று வாரம் தொடர்ந்து வராவிட்டால் தேர்வு எழுத முடியாது என்பது விதி. அதற்கான பாரத்தை, அந்தப் படிவத்தை, அலுவலகத்து லெட்சுமி என் முன் வைத்தார். அதில் 'காரணம்' என்று ஓர் இடம் உண்டு. சரியான காரணம் இருந்தால் பெண் தப்பித்துவிடலாம். நான் யோசிக்கவே இல்லை. தோட்டத்திலிருந்து பஸ் வசதிக் குறைவு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, பெண் படிப்பில் குடும்பத்துக்கு ஆர்வமின்மை என்று சரளமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்த ஆய்வரங்கிலும் தலையாட்டிக் கேட்பார்கள். லெட்சுமி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இதெல்லாம் அந்தப் பிள்ள சொன்னதா சார், இல்ல நீங்களா சொல்றதா?"

நாற்காலி

நான் எழுதிய காரணங்கள் மேலிடத்தில் எடுபடவில்லை. தேர்வுப் பட்டியலில் அவள் பெயர் இல்லாததைப் பார்த்த பிறகுதான் ஒரு சனிக்கிழமை தோட்டத்துக்குப் போனேன். முன்பே போயிருக்கலாம். சிரம்பானிலிருந்து எவ்வளவு தூரம்?

தர்ஷினி வேலைக்குப் போயிருந்தாள். அவள் அப்பா மணியம் உள்ளேயிருந்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். நான் உட்கார்ந்தேன், அவர் நின்றார். பேசி முடிக்கும்வரை அப்படியே இருந்தோம். திரும்பி வரும் வழியில்தான் அது எனக்கு உறைத்தது.

"பஸ்ஸுதான் கஷ்டமா?"

"மோட்டார் சைக்கிள் இருக்கே சார். அதுலதான் போகும் வரும்."

"தம்பி தங்கச்சிங்களப் பாத்துக்கணுமோ?"

"ஒத்தப் புள்ள சார் அது."

"வீட்டில் படிக்க வேண்டாம்னு..."

"அவங்க அம்மா இன்னும் அதுகிட்ட சரியாப் பேசறது இல்ல சார், படிப்ப விட்டுருச்சேன்னு."

மூன்று காரணமும் தீர்ந்துவிட்டது. பின்னே ஏன் என்றேன்.  அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "'அதான் போர்டுலயே எழுதிட்டாங்களேப்பா, இனிமே நான் போயி என்னா பண்ண'ன்னு சொல்லுச்சு. அப்படி என்னா சார் எழுதுனீங்க?"

மருந்துக் கடையில்

மணியம் சொன்ன அடையாளத்தை வைத்துச் சிரம்பானில் அவள் வேலை செய்யும் மருந்துக் கடைக்குப் போனேன். தர்ஷினி சிரித்தாள், உட்காரச் சொன்னாள். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். ஆனால் என் வாயில் வந்தது, "நான் சொன்னது உன்னைப் பற்றி இல்லம்மா, பொதுவான போக்கைப் பற்றி" என்பதுதான். மன்னிப்புக் கேட்கப் போன இடத்திலும் பாடம்தான் நடத்தினேன். அவள் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே பொறுமையாகக் கேட்டாள்.

பாரத்தைத் தப்பாக எழுதியது நான்தான் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டதாகவும், வரும் செமஸ்டரில் அவள் திரும்பச் சேரலாம் என்றும் சொன்னேன். அறிமுகப் பாடத்தை மட்டும் மறுபடி எடுத்தால் போதும், அதை நடத்துவது நான் ஒருவன்தான், ஆகவே எந்தச் சிக்கலும் வராது என்று தைரியமும் கொடுத்தேன். அவள் கை நின்றது. என்னைப் புண்படுத்தாமல் கேட்க வேண்டுமே என்ற கவலை அந்த முகத்தில் தெரிந்தது. "வேற யாருமே எடுக்கறது இல்லையா, சார்?"

ஒரு மாணவி வகுப்புக்கு வராமல் போவதற்குச் சமூகத்தில் ஆயிரம் காரணங்கள் இருக்கலாம், ஆனால் வகுப்பில் மார்க்கர் பேனாவோடு நிற்கும் காரணத்தை முதலில் விசாரித்துவிடுவது நல்லது என்பதே இருபத்திரண்டு ஆண்டுகளில் இந்தத் தொழில் எனக்குக் கற்றுத்தந்த சமூகவியல்.