குடிக்க மட்டும்தான்

போன கிழமை கிளிநொச்சிக்குப் போய் ஓர் ஆற்றில் பங்கு கேட்டுவிட்டு வந்தோம்.

சிரிக்காதீர்கள். யாழ்ப்பாணத்தாரிடம் எல்லாம் இருக்கிறது — கோயில், கல்லூரி, வெளிநாட்டில் ஒரு பிள்ளை. ஆறுதான் இல்லை. வழுக்கியாறு இருக்கிறதே என்று யாராவது எனக்கு எழுதக்கூடும்... மழைக்கு மட்டும் ஓடுவது ஆறென்றால் எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையும் ஆறுதான்.

கிளிநொச்சிப் பக்கத்தில் ஆற்றுத் தண்ணீர் பெரிய குளமொன்றில் வந்து நிற்கிறது. அதில் கொஞ்சத்தைக் குழாயில் குடாநாட்டுக்குக் கொண்டுவருவது திட்டம். திட்டமிடல் அதிகாரி புரொஜெக்டரில் காட்டியபோது அது அழகான நீலக்கோடு. கோட்டின் அந்த முனையில் வயல்காரர்கள் இருப்பதைப் படத்தில் காணவில்லை.

இந்த முனையில் என் அக்கா இருக்கிறார். பருத்தித்துறையில், கடற்கரைக்குக் கிட்ட வீடு. கோடை வந்தால் உப்பேறிய கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வராத நாட்களில் அத்தான்தான் சைக்கிளில் பிளாஸ்டிக் கானைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்கு அலைவார். அவருக்கு இப்போது முழங்காலும் சரியில்லை. அதனால்தான் குடிதண்ணீருக்காக எங்கள் பக்கத்திலிருந்து ஒரு குழு பேசப் போகிறது என்றதும் நானும் அவர்களுடைய வான் வண்டியில் ஏறினேன்.

விவசாயியோடு விவசாயி பேசினால் காரியம் சுலபம் என்று பண்டத்தரிப்பிலிருந்து சிவபாலன் அண்ணையைக் கூட்டிப்போனோம். வெங்காயத்தில் பெரிய கெட்டிக்காரர். அவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது ஒரே வசனம்: குடிக்க மட்டும்தான் கேட்கிறோம்.

அண்ணை அதை அருமையாகச் சொன்னார். ஒரு சொட்டும் பயிருக்குப் போகாது என்று தன் பங்குக்கு ஒரு வரியும் சேர்த்துக்கொண்டார். எதிரே இருந்தவர் வயல்காரர் சங்கத் தலைவர் யோகராசா. போன சிறுபோகத்தில், கோடை விதைப்புக்குத் தண்ணீர் போதாமல் தன் வயலில் பாதியைத் தரிசாக விட்டவர். அவரே இளகிவிட்டார். குடிக்கக் கேட்பவர்களுக்கு இல்லையென்று சொன்னால் பாவம், எந்த மாதம், எவ்வளவு என்று பேசுவோம் என்றார். நான் மனதுக்குள் அக்காவின் குசினியில் குழாயைத் திறந்துவிட்டேன்.

அங்கேயே எழும்பி வந்திருக்கலாம். யார் வந்தார்கள்? பிளேன்டீயும் வடையும் வந்தன.

யோகராசா மரியாதைக்கு, இம்முறை வெங்காயம் எப்படி என்று கேட்டார். யாழ்ப்பாணத்து வெங்காயக்காரரிடம் கேட்கிற கேள்வியா அது? சிவபாலன் அண்ணை நடுகையில் தொடங்கினார், பசளைக்குப் போனார், வெங்காயத்தைக் கிடங்கில் சேர்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கடைசியில் சொன்னார்:

"குடிக்கிற தண்ணி குழாயிலை வந்திட்டுதெண்டா பிறகென்ன, கிணத்தை யோசிக்காமல் இறைக்கலாம். இன்னுமொரு போகம் வெங்காயம் வைப்பம்."

யோகராசா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் இஞ்சை அரைவாசி விதைக்க, நீங்கள் அங்கை இன்னுமொரு போகம் வைக்கப் போறியள்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருக்கலாம்.

அண்ணை விடவில்லை. அது எங்கள் கிணற்றுத் தண்ணீர், உங்கள் குளத்துத் தண்ணீர் இல்லை என்று விளக்கினார். சரியான நியாயம்தான். ஒவ்வொரு விளக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக் கதிரை ஒன்று பின்னால் நகர்ந்தது. மாரி மழை முடியட்டும், பிறகு கதைப்போம் என்று தலைவர் மீட்டிங்கை முடித்தார்.

திரும்பும் வழியில் வண்டியில் இருந்தவர்கள் ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள் — வன்னிச் சனத்துக்கு விளக்கம் காணாது. எனக்கோ சிவபாலன் அண்ணை மேல் வந்த எரிச்சல் நெல்லியடி தாண்டியும் அடங்கவில்லை. ஆனால் யோகராசாவில் கோபம் வரவேயில்லை. அவருடைய இடத்தில் நான் இருந்தால் வடையையும் திருப்பி வாங்கியிருப்பேன். தண்ணீரைப் பங்கு போடுவதுகூடப் பெரிய வேலை இல்லை... மிச்சம் பிடிக்கிற தண்ணீரில் என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லாமல் இருப்பதுதான் மனிதனால் முடியாத வேலை!

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கானைக் கழுவிக்கொண்டிருந்தார். என்ன முடிவு என்று அக்கா கேட்டார். மாரிக்குப் பிறகு கதைப்பினமாம் என்றேன்.

அக்கா கொஞ்சம் யோசித்தார்.

"மாரிக்கு எங்கடை கிணத்துத் தண்ணியே நல்லா வந்திடுமே. பிறகு நீங்கள் ஆர் போய்க் கதைக்கப் போறியள்?"

நல்லவேளை, இந்தக் கேள்வியை மீட்டிங்கில் யாரும் கேட்கவில்லை.