சீரியல் போர்ட்டுக்காக ஒரு பகை

பீளமேட்டில் இருக்கும் எங்கள் பட்டறையில், புரோகிராம் கொடுத்தால் தானே இரும்பைக் கடையும் பழைய சிஎன்சி லேத் ஒன்று உண்டு. கம்ப்யூட்டரிலிருந்து புரோகிராமை சீரியல் போர்ட் வழியாக அனுப்பினால்தான் வாங்கிக்கொள்ளும். பென் டிரைவ் எல்லாம் அது பிறந்த காலத்தில் இல்லை. ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் அதற்குத் துணையாக இருந்த கம்ப்யூட்டர் உயிரை விட்டது. புதிதாக வாங்கிய லேப்டாப்பில் சீரியல் போர்ட் கிடையாது. அதற்காக, ஒரு முனையில் யுஎஸ்பியும் மறுமுனையில் ஒன்பது ஊசிகளுமாக ஒரு அடாப்டர் வாங்கி வந்தேன்.

மாட்டினேன். லேப்டாப் அனுப்பிவிட்டேன் என்றது. லேத் எதுவும் வரவில்லை என்றது. இரண்டில் எது பொய் சொல்கிறது என்று புரியாமல், நடுவில் இருந்த அடாப்டரைச் சந்தேகப்பட்டேன். அதன் டிரைவர் மென்பொருளை அழித்து மறுபடி போட்டேன். போர்ட் எண்ணை, வேகத்தை, பாரிட்டி என்ற பிழைச் சோதனையை மாற்றினேன். லேத் பிடிவாதமாகக் காத்திருந்தது. எங்களிடம் வேலை கொடுத்திருந்த பம்பு கம்பெனிக்காரர் போன் செய்து, உதிரிப்பாகம் எப்போது வரும் என்று விசாரித்தபடியே இருந்தார்.

காந்திபுரத்தில் வாங்கிய கடைக்கே போய், இது போலிச் சரக்கு என்றேன். கடைக்காரருக்கும் என் வயதுதான் இருக்கும். தலைக்கு மை மட்டும் கூடுதல். கல்லாவைச் சுற்றி நின்ற கூட்டத்துக்கு நடுவே அவர் சிரித்த முகமாகச் சொன்னார்:

"ஏனுங்க, சாமான்ல ஒண்ணுமில்லீங்க. ஊட்டுல காலேஜ் போற பசங்க இருந்தா ஒருக்கா பாக்கச் சொல்லுங்க. உங்களுக்கு எதுக்குங்க இந்தச் சிரமமெல்லாம்?"

எங்கள் ஊரில் ஒருவனை உரிப்பதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் உரிப்பார்கள். திருப்பிக் கத்தவும் வழியில்லை. இரண்டு பேர் சிரித்தார்கள். "சரிங்க, வாரேனுங்க" என்று நானும் சிரித்துவிட்டு வெளியே வந்தேன். அதே கல்லா முன்னால், இதே போலக் கூட்டம் இருக்கையில், 'தப்பு எங்க மேலதானுங்க' என்று இந்த ஆள் வாயால் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று பஸ்ஸில் முடிவெடுத்தேன். பழிவாங்கும் நாவல்களாகப் படித்துத் தள்ளியவன் நான். ஆனால் அவற்றில் யாரும் யுஎஸ்பி ஒயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கறுவியதாக நினைவில்லை.

முதலில் சாட்சியம் வேண்டும். அடாப்டரின் இரண்டாவது ஊசியையும் மூன்றாவது ஊசியையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தால், நாம் தட்டச்சு செய்வது போன வேகத்தில் திரையில் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அடாப்டர் செத்தது என்று பொருள். கம்பியை மாட்டி, கடைக்காரரைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனை வசவுகளையும் அடித்தேன். ஒரு எழுத்துக் குறையாமல் எனக்கே திரும்பி வந்தன.

அடாப்டர் நிரபராதி. மிகவும் வருத்தமாக இருந்தது.

மிச்சம் இருந்தது லேத்தின் பக்கம். பின்னால் கேபிளைக் கழற்றி, அது மாட்டும் சாக்கெட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். துளைகளில் மஞ்சளாக ஏதோ காய்ந்து இறுகியிருந்தது. முகர்ந்தேன். சந்தனம். பூஜைக்குப் பொட்டு வைத்தது என் மனைவி. வீட்டுக்குப் போய், குரலை உயர்த்தாமல்தான் கேட்டேன்.

"போன வருசம் டிஸ்ப்ளேல வெச்சதுக்கு அந்த ஆட்டம் ஆடுனீங்க. கண்ணுல படாத எடமாப் பாத்து வைன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. தொடைக்கறதுக்குப் பின்னால ஒயரக் கழட்டுனனா, அங்க குழிகுழியா இருந்துது, சந்தனமும் நல்லா நின்னுச்சு" என்றாள்.

இந்த வழக்கை நான் மேற்கொண்டு நடத்தவில்லை. பழைய பல்துலக்கியும் ஸ்பிரிட்டும் கொண்டு துளைகளைச் சுத்தம் செய்தேன். புரோகிராம் ஓடிப்போய் லேத்தில் உட்கார்ந்தது. பம்பு கம்பெனிக்காரரின் போன் நின்றது.

ஆனால் என் பகை அடாப்டரோடு அல்லவே. மறுநாள் மவுஸ் வாங்கும் சாக்கில் அந்தக் கடைக்கே போனேன். காந்திபுரத்தில் மவுஸ் விற்கும் வேறு கடைகளும் இருக்கின்றன. காலேஜ் பசங்கள் யாருமில்லாமல் நானே சரிசெய்துவிட்டேன் என்று நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். சந்தனத்தைப் பற்றி மூச்சு விடக்கூடாது. இதுதான் திட்டம். அத்தாட்சிக்கு அடாப்டரையும் எடுத்துப் போயிருந்தேன்.

என்னைப் பார்த்ததும் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

"வாங்க, வாங்க. நீங்க சொன்னது சரிதானுங்க. அந்த லாட்ல வந்த சரக்கே மோசம். வாங்குனவீங்க வரிசையாத் திருப்பிக் கொண்டாந்து போட்டாங்க. உங்களப் போயி அப்படிப் பேசிப்போட்டேன். தப்பு எங்க மேலதானுங்க."

கல்லாவைச் சுற்றி அன்றைவிடக் கூட்டம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கேட்க நினைத்த வாக்கியம், கேட்க நினைத்த இடத்தில், சொல் மாறாமல் வந்திருந்தது. அவர் கை நீட்டினார். நான் அடாப்டரைக் கொடுத்தேன். மேசையிலிருந்து ஒயர் கட்டரை எடுத்து, இது இனி யார் கைக்கும் போகக் கூடாது என்றபடி ஒயருக்கு நடுவே வைத்தார்.

அந்த லாட்டில் ஒழுங்காக இருந்தது ஒருவேளை அது ஒன்றுதானோ என்னவோ. இது நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன்.

"நான் அன்னிக்கே சொன்னேனுங்களே" என்றேன்.

நறுக்கென்று வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். வேறு கம்பெனிச் சரக்கு என்று கவர் பிரிக்காத புதியது ஒன்றைக் கையில் கொடுத்து, டீயும் வரவழைத்தார். அந்த டீயின் ருசியை நான் மறைக்க விரும்பவில்லை.

அடுத்த வேலைக்குப் புரோகிராம் அனுப்ப உட்கார்ந்தபோது புதிய அடாப்டரை மாட்டினேன். லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எல்லாப் போர்ட்டிலும் குத்திப் பார்த்தேன், டிரைவரை மாற்றினேன். அது பிறவியிலேயே செத்தது. இந்தத் தடவை தப்பு சந்தேகமில்லாமல் கடைக்காரர் மேல்தான். ஆனால் அதைப் போய்ச் சொன்னால், சிரித்த முகமாக மறுபடி காலேஜ் பசங்களைப் பார்க்கச் சொல்லச் சொல்வார்.

நான் வேறு கடையில் ஒன்று வாங்கிக்கொண்டேன்.