தேவப்பிரியம் எழுதாத பரீட்சை

"தெரிந்ததிலிருந்து" என்று ஒரு அடி. "தெரியாததற்கு" என்று இன்னொரு அடி. "எளியதிலிருந்து கடினத்துக்கு" என்னும்போது சட்டை புரண்டு முதுகைக் காட்டுகிறது. ராயபுரத்தில் எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் பொதுவான குழாயடியில் தேவப்பிரியம் துணி துவைப்பது இப்படித்தான். வாத்தியார் வேலைக்குப் போகிறவர்கள் பயிற்சிப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற போதனை விதிகள் அவை. அடிக்கு ஒன்று தப்பாமல் வரும். போதனை விதிகள் தீர்ந்துபோனால் குழந்தை மனோதத்துவம். அது போர்வை, ஜமுக்காளம் மாதிரி கனத்த உருப்படிகளுக்கு.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசாவுக்கு இது பழகிப்போன சங்கதிதான். இருந்தாலும் அவ்வப்போது கேட்பாள்.

"பரிச்சதான் முட்ஞ்சி பூட்ச்சே டீச்சரம்மா. இன்னும் யாருக்கு ஒப்பிச்சிகினு கீறே?"

"கல்லுக்கு" என்பாள் தேவப்பிரியம். "அதுவாவது குறுக்கே பேசாம கேக்குது."

பரீட்சை முடிந்து இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. எழுதிப் பாஸ் செய்தவன் அவள் புருஷன் ஹென்றி. எழுதியவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டான். எழுதாதவள் வாயில் அது இன்னும் இருக்கிறது.

குள்ளமான, கட்டான உடம்பு அவளுக்கு. நெற்றியோரம் நரை எட்டிப்பார்க்கிறது. மீன்காரியிடம் பேரம் பேசினாலும் கடைசி பெஞ்சுக்கு எட்டுகிற குரல். யாரைக் கண்டிப்பதானாலும் கேள்வியை முதலில் கேட்டு, சற்று நிறுத்தி, பிறகுதான் பெயரைச் சொல்வாள். "சோத்துப் பானைய தொறந்து வெச்சிட்டுப் போனது யாரு?" என்பாள். வீட்டில் இருக்கிற இரண்டு பேரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்புறம்தான் "எஸ்தர்" என்று மகளின் பெயர் வரும். பெயரை முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தூங்கிப்போவார்கள் என்பது வகுப்பு நடத்தும் சாஸ்திரம். ஹென்றிக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான்.

எட்டாவது பாஸ் செய்த கையோடு காசிமேட்டுப் பக்கம் ஒரு மிஷன் ஆரம்பப் பள்ளியில் சேர்ந்தாள். பயிற்சி கிடையாது. அந்த நாளில் யாரும் கேட்கவுமில்லை. கல்யாணமாகி எஸ்தர் கைக்குழந்தையாக இருந்தபோது ஹென்றி பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய்விட்டான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது பெரிய படிப்புப் படித்த டீச்சர்கள் எல்லாம் ஓடிப்போனார்கள். படகையும் வலையையும் விட்டுப் போக முடியாத மீனவர் பிள்ளைகள் குப்பத்திலேயே இருந்தார்கள். அவர்களை உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்திருந்தவள் தேவப்பிரியம். இடுப்பில் எஸ்தர், கையில் சாக்கட்டி.

சண்டை முடிந்து ஹென்றி திரும்பி வந்தான். நல்ல மனிதன், குடிப்பழக்கம் இல்லை, சீட்டியடித்துக்கொண்டே நடப்பான். ஆனால் வேலை இல்லை. துறைமுக வாசலில் அவனைப்போலத் திரும்பி வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். அதே சமயத்தில்தான் பள்ளி மேனேஜர் ராசையா டீச்சர்களைக் கூப்பிட்டு, பயிற்சி பெறாதவர்களுக்கு இனி சர்க்கார் மானியம் வராது, கொஞ்ச காலம்தான் தவணை, அதற்குள் பயிற்சி முடித்தாக வேண்டும் என்று சொன்னார்.

தேவப்பிரியம் விண்ணப்பம் போட்டாள். பெண்கள் பயிற்சிப் பள்ளியில் இடமும் கிடைத்தது. அங்கேயே தங்கி இரண்டு வருஷம் படிக்க வேண்டும். தகரப் பெட்டி ஒன்றுகூட வாங்கிவிட்டாள். அந்த வாரமே, பட்டாளத்திலிருந்து வந்தவர்களுக்கும் பயிற்சிப் பள்ளியில் இடம் தருகிறார்கள், வீட்டிலிருந்தே போய் வரலாம் என்று ஹென்றி கேள்விப்பட்டு வந்தான்.

"நீ இஸ்கூலுக்குப் போனாத்தான் பிரியம் நம்ம வூட்ல அடுப்பெரியும். ரெண்டு பேரும் படிக்கப் பூட்டா எஸ்தரு இன்னாத்த துன்னும்? நான் மொதல்ல முட்ச்சிட்டு வந்துர்றேன். அப்பால நீ போ. நான் சம்பாரிச்சிகினு வூட்டப் பாத்துக்கறேன்."

நியாயமாகத்தான் இருந்தது. அவளே பிறகு ஒருமுறை என்னிடம் அப்படித்தான் சொன்னாள். "அவரு சொன்னதுல தப்பு ஒண்ணும் கெடையாது சார். அதான் இப்ப யாரையும் திட்டவும் முடியல."

தகரப் பெட்டியில் ஹென்றியின் புத்தகங்கள் ஏறின.

படிப்பு அவனுக்கு வரவில்லை. லாரி எஞ்சினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த கையில் சாக்கட்டி உடைந்துகொண்டே இருந்தது. கரும்பலகையில் எழுதினால் வரி வலது மூலையில் கடலில் இறங்குகிற மாதிரி சரியும். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று எழுதுவான். பதில் வராவிட்டால் பட்டாளத்துக் குரலில் அதட்டுவான். அபிநயப் பாட்டு என்றால் கூச்சத்தில் காது சிவந்துவிடும்.

தேவப்பிரியம் ஒரு பழைய கதவுப் பலகையை வாங்கி, கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசிக் காயவைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எங்கள் லைன் பிள்ளைகளை வாசலில் உட்காரவைப்பாள். தானும் அவர்களோடு சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஹென்றி பலகைக்கு முன்னால் நிற்பான்.

"இன்னா கொயந்தைங்களா, இப்ப நாம காக்காயைப் பத்திப் பாக்கப் போறோம்."

"அப்படிச் சொல்லாதீங்க. மொதல்ல காக்கா எங்க கீதுன்னு கேளுங்க. அதுங்களே காட்டும். அப்பறம் பாடத்துக்குப் போங்க."

"சுத்தமாப் பேசணும்னு நீதான சொன்ன? இப்ப நீயே கீதுன்ற."

"நான் பரிச்சைக்குப் போகலியே" என்றாள் அவள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்போதெல்லாம் அவளால் சிரிக்க முடிந்தது. அடுத்தது தன் முறை என்று அவள் நம்பியிருந்த காலம் அது.

காக்கையை ஐந்தே கோட்டில் வரைய அவன் கையைப் பிடித்துக் காட்டினாள். பாடக் குறிப்பை அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். சொல்லிக்கொடுப்பதற்காகத் தான் முதலில் படித்தாள். மனோதத்துவப் புத்தகத்தில் புரியாத இடங்களைப் பாதிரியார் மனைவியிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். பயிற்சிப் பள்ளிக்குள் காலெடுத்து வைக்காமலே அந்த இரண்டு வருஷப் படிப்பை அவள் படித்து முடித்தாள்.

செய்முறைப் பரீட்சையில் பரிசோதகர்கள் முன்னால் ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஹென்றிக்கு வந்தது உப்பு உண்டாகும் விதம். விஷயம் தெரிந்ததும் தேவப்பிரியம் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு ரயிலேறி எண்ணூர் உப்பளத்துக்குப் போனாள். பாத்தி நீரை ஒரு பாட்டிலிலும், அரைகுறையாக உறைந்ததை இன்னொரு பாட்டிலிலும், வாரிக் குவித்த கல்லுப்பை ஒரு துணி முடிச்சிலும் கொண்டுவந்தாள். உப்பு நீரில் நின்று நின்று குதிகால் வெடித்து, ஒரு வாரம் நொண்டிக்கொண்டு நடந்தாள்.

அந்தப் பாட்டில்களைப் பரிசோதகர் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாராம். 'இத்தனை சிரத்தை எடுத்துக்கொண்ட மாணவனை நான் பார்த்ததில்லை' என்றாராம். ஹென்றி அதை வந்து அப்படியே சொன்னான். ஒரு வார்த்தையும் மறைக்கவில்லை. கனகாம்பரமும் அல்வாவும் வாங்கி வந்திருந்தான்.

"இந்த சர்ட்டிபிகேட்டு ஒன்னிதுதான் பிரியம். அட்த்தது நீ."

பயிற்சி முடித்தவர்கள் பட்டியல் வந்த மாதமே மேனேஜர் ராசையா அவளை அழைத்தார். அவளுக்குக் கொடுத்த தவணை முடிந்துவிட்டது, அந்த இடத்தில் இனி பயிற்சி பெற்றவரைத்தான் போட முடியும் என்றார். பிறகு, நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வெளியாள் யாரையும் போட எனக்கு மனசு வரலை அம்மா. ஹென்றியையே போட்டுவிடுகிறேன். ஒரே வீட்டுச் சம்பளம்தானே, வலது கையிலிருந்து இடது கைக்கு வருகிறது" என்றார்.

ஹென்றி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வேறு பள்ளிக்கூடம் பார்க்கிறேன் என்றான். தண்டையார்பேட்டையில் ஒன்றை விசாரித்தும் வந்தான். அங்கே காலியில்லை. திங்கட்கிழமை காலையில் அவள் தேய்த்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவளுடைய வகுப்புக்குப் போனான்.

சாயங்காலம் சீட்டியடித்துக்கொண்டே திரும்பினான். "நீ பயமுறுத்தின மாரி ஒண்ணும் கஷ்டமா இல்ல பிரியம். பசங்க கம்முனு ஒக்காந்து கேக்குதுங்க. தங்கமான பசங்க."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "ஆமா" என்றாள்.

ஹென்றியைப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ரஹீமுன்னிசாவின் மகள் அஜீசா அவன் வகுப்பில்தான் படிக்கிறாள். சார் பர்மா எல்லையில் பாலம் வெடித்த கதை சொல்கிறார் என்று தினமும் வந்து சொல்லும். கணக்கு எதுவரை ஆயிற்று என்று தேவப்பிரியம் கேட்டால் பேந்தப் பேந்த விழிக்கும். அன்று மாலையில் அஜீசாவுக்கு மட்டும் கதவுப் பலகையில் வகுத்தல் கணக்கு நடக்கும்.

முதல் வருஷம் அவள் விண்ணப்பம் போட இருந்த நேரத்தில் எஸ்தருக்கு அம்மை போட்டிருந்தது. அடுத்த வருஷம் ஹென்றியே தள்ளிப்போட்டான்.

"ரெண்டு வருசம் நீ ஆஸ்டல்ல பூட்டா வூடு இன்னாவறது? எஸ்தரு பெரிய பொண்ணாவுற வயசு. இப்ப இன்னா கொறைச்சல் நமக்கு?"

"கொறைச்சல் ஒண்ணும் இல்ல" என்றாள். அவள் குரல் அன்று கடைசி பெஞ்சுக்கு எட்டவில்லை.

இந்த வருஷம் அவள் யாரிடமும் கேட்கவில்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, எஸ்தரை ரஹீமுன்னிசாவிடம் விட்டுவிட்டு, பெண் பள்ளிகளின் இன்ஸ்பெக்ட்ரஸ் அலுவலகத்துக்கு நேராகவே போனாள். திரும்பி வரும்போது டிராம் இறங்குகிற இடத்தில் என்னைப் பார்த்தாள். வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தோம். அதாவது அவள் பேசினாள்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மாள் அவளை உட்காரச் சொன்னாராம். போதனை முறையில் நாலைந்து கேள்வி கேட்டாராம். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னதும், பயிற்சி இல்லாமல் இதெல்லாம் எங்கே படித்தாய் என்று ஆச்சரியப்பட்டாராம். பிறகு வயதைக் கேட்டிருக்கிறார்.

"வரம்பு தாண்டிவிட்டதே அம்மா. போன வருஷம் வந்திருந்தாலும் எப்படியாவது சேர்த்திருப்பேன்."

தேவப்பிரியம் எழுந்திருக்கவில்லை. வேறு வழியே கிடையாதா என்று கேட்டாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, உதவி செய்ய வேண்டும் என்கிற எண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார்.

"விதவைகளுக்கு வயதைத் தளர்த்தலாம். அவர்களுக்குத்தான் முதல் இடமும். உனக்குத்தான் புருஷன் இருக்கிறாரே."

அதுவரை பெரிய அதிகாரியிடம் அச்சுப் பிசகாத தமிழில் பேசிக்கொண்டிருந்தவள், "ஆமாம்மா, கீறாரு" என்றாளாம்.

இதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூலையில் கடை பரப்பியிருந்த மீன்காரியிடம் நின்று முள்ளுவாளை வாங்கினாள். பேரம் பேசவில்லை. கேட்டதைக் கொடுத்தாள்.

ஹென்றி வாங்குகிற பத்திரிகையை அவன் படித்தபின் நான் வாங்கிப் படிப்பது வழக்கம். அன்றைக்கு விளக்கேற்றுகிற நேரத்தில் போனேன். வாசல் கதவு திறந்திருந்தது. ஹென்றி தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். என்னையும் உட்காரச் சொன்னான்.

"எங்கியோ போய் வந்தியாமே பிரியம். அஜீசா சொல்லுச்சு."

"ட்ரெயினிங் விசாரிக்கப் போனேன். வயசு தாண்டிப் பூட்ச்சாம்."

"அவ்ளோதானா சொன்னாங்க?"

"அவ்ளோதான்."

உண்மையாகவே அவனுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. பிறகு அவள் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான்: "அத்த வுடு பிரியம். அதான் நான் கீறேன் இல்ல."

தேவப்பிரியம் குழம்பிலிருந்து ஒரு துண்டு மீனை எடுத்துத் இடது கையில் பிடித்திருந்த தட்டில் வைத்துக்கொண்டு, வலதுகை விரலால் பிட்டாள். முள்ளுவாளையில் சதைக்குள்ளே மயிரிழை மாதிரி முள் ஓடும். ஒன்றை இழுத்துத் தரையில் வைத்தாள். இன்னொன்றை இழுத்தாள். எஸ்தர் சின்னக் குழந்தையாக இருந்தபோது அவளுக்குச் செய்ததுதான். புருஷனுக்குச் செய்து யாரும் பார்த்ததில்லை.

"இன்னா பிரியம் இது, புதுசா? நான் இன்னா கொயந்தையா?" என்று ஹென்றி சிரித்தான்.

"பேசாம துன்னுங்க. தொண்டையில மாட்டிக்கும்."

முள் எடுத்த சதையை அவன் சோற்றின் மேல் வைக்கப் போனவள், கையை நிறுத்தி, சிம்னி விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, அதை இன்னொரு தரம் பிட்டுத் தேடினாள்.