நெட்டையன் இந்தப் பாதியில் யாருக்கு?

அமெரிக்கக் கூடைப்பந்து பார்ப்பதை நான் நிறுத்தி ஒரு மாதமாகிறது. மூன்று நட்சத்திரங்களை ஒரே அணியில் சேர்த்துவிட்டால் விடிகாலையில் எழுந்து எதைப் பார்ப்பது? கேபிள் டி.வி.யில் ஆட்டம் தொடங்கும்போதே முடிவு தெரிந்துவிடுகிறது. ஆபீஸில் நான் புலம்பிக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசை பெஞ்சமின் குறுக்கிட்டார். எண்ணூர்க்காரர், வருடா வருடம் அங்கே கூடைப்பந்துப் போட்டி நடத்துபவர்.

"எங்களுக்கும் அதே பேஜாருதான் சார். இந்த வாட்டி மருந்து கண்டுபிட்ச்சிகீறோம். ஞாயித்துக்கெயம பைனலு, வந்து பாரு."

கிளம்புகிறேன் என்றதும் என் மனைவி முகத்தில் தெரிந்த மகிழ்ச்சி சற்று அதிகம்தான்.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி ரயில். ஆறு ரூபாய், முக்கால் மணி நேரம். ஏறும்போது என் சட்டை வெள்ளை. எண்ணூரில் இறங்கும்போது அனல்மின் நிலையச் சாம்பலின் தயவில் வேறு நிறம். அங்கிருந்து முகத்துவாரக்குப்பத்துக்கு ஆட்டோ நாற்பது ரூபாய்.

"பந்து மேட்சா?" என்றார் ஓட்டுநர். "போன வருசம் கலீஜ் நைனா. மணலி டீமே அட்ச்சிகினு கீது. அந்த நெட்டையன் கைய தூக்குனா பந்து கூடையில கீது. எவன் பாப்பான்?"

போய் இறங்கியதும் பெஞ்சமின் முழுக் கதையையும் சொன்னார். மைதானம் குப்பத்துக்குச் சொந்தம். கூட்டம் வராத மைதானம் எதற்கு, கன்டெய்னர் லாரி நிறுத்த வாடகைக்கு விடலாம் என்று ஊர் நிர்வாகிகள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இன்றும் ஜனம் பாதியில் எழுந்து போனால் நாளை முதல் லாரிதான். இடத்தைப் பார்க்க ஒரு லாரி ஓட்டுநர் வந்து வாசலில் வண்டியை நிறுத்தியிருந்தார். பெஞ்சமின் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

மருந்து என்ன? முகத்துவாரத்தில் இறால் நன்றாக விழும் இடம் கொஞ்சம்தான். அதனால் அங்கே வலை போடச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்து மாறிக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். அதையே பந்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். சீட்டு விழுந்த அணிக்கு முதல் பாதியில் நெட்டையன். இரண்டாம் பாதியில் எதிரணிக்கு.

"அமெரிக்காக்காரனுக்கு இது தோணலியே" என்றேன்.

"அவனுக்கு ஏது சார் இறாலு?" என்றார் பெஞ்சமின்.

இறுதி ஆட்டம் மணலிக்கும் குப்பத்துக்கும். சீட்டு குப்பத்துக்கு விழுந்தது. நெட்டையன் தன் சொந்த அணிக்கு எதிராக நின்றான். நின்றான் என்பதுதான் சரி, ஆடவில்லை. மணலி ஆட்கள் சும்மாவா விடுவார்கள்? "இன்னா மாமு, திரும்பி மணலிக்குத்தானே வரணும், நெனப்பு கீதா?" கையில் வந்த பந்தை அவன் யாருக்கோ தானம் செய்துகொண்டிருந்தான். கூட்டத்தில் நாலு பேர் எழுந்து வேட்டியைத் தட்டினார்கள். பெஞ்சமின் நகத்தைக் கடித்தார்.

அப்போது என் பக்கத்தில் இருந்த மீன் வியாபாரி முனியம்மாக்கா எழுந்தார். "டேய் நெட்ட! பாடு வுழுந்த எடத்துல ஒயுங்கா வலைய போடு. அண்ணன் தம்பியெல்லாம் கரையில வெச்சிக்க."

மைதானமே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். அப்புறம் ஆட ஆரம்பித்தான் பாருங்கள். குப்பத்துக் கேப்டன் குள்ள சேகர் பந்தைக் கொடுக்கக் கொடுக்க, இவன் போடப் போட, இடைவேளையில் குப்பம் பதினான்கு புள்ளி முன்னிலை.

இரண்டாம் பாதியில் பனியனை மாற்றிக்கொண்டு மணலிக்கு வந்தான். தான் கட்டியதைத் தானே இடிக்க வேண்டும். மனசாட்சியோடு இடித்தான். எனக்குத்தான் குழப்பம், பழக்கதோஷத்தில் அவன் போட்டதற்கெல்லாம் கை தட்டினேன். முனியம்மாக்கா முறைத்தார். "நீ எந்தக் கட்சி சார்?" அடுத்து சேகர் போட்டதற்கு இன்னும் பலமாகத் தட்டினேன். நம்பவில்லை.

கடைசி நிமிடம். குப்பம் ஒரு புள்ளி முன்னால். பந்து நெட்டையன் கையில். எதிரே அவன் மார்பளவு சேகர். கதை முடிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன். ஆனால் முதல் பாதி முழுக்கப் பக்கத்திலேயே ஓடிய சேகருக்கு ஒரு விஷயம் பிடிபட்டிருந்தது: தாவுவதற்கு முன் நெட்டையன் பந்தை ஒருமுறை இடுப்புக்கு இறக்குவான். இறக்கினான். சேகர் தட்டிப் பறித்துக்கொண்டு ஓடினான். விசில்.

"கூடவே வெச்சிகினு கத்துக்குடுத்து மாட்டிகினேன்" என்று நெட்டையன் தரையில் உட்கார்ந்து சிரித்தான். பெஞ்சமின் அவசரமாகக் கூட்டத்தை எண்ணப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். லாரி ஓட்டுநர் வண்டிக் கூரைமேல் நின்றிருந்தார். எப்போது ஏறினார் என்று தெரியவில்லை. "அடுத்த வருசம் எந்த மாசம்பா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

நட்சத்திரம் இருப்பதில் தப்பில்லை, ஒரே வீட்டுக் கூரைக்கு மேலேயே நின்றால்தான் சலிப்பு. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று ஆபீஸில் சொல்லிவருகிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: மே மாதம் போங்கள். ஆட்டம் நாலு மணிக்கு; மூன்றரைக்கே போனால் நிழலில் இடம் கிடைக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம். யார் பக்கம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், முனியம்மாக்கா கேட்பார். காரில் போகிறவர்கள் வண்டியை வெளியே தெருவிலேயே விட வேண்டும். மைதானத்துக்குள் இனி எந்த வண்டியும் நிறுத்த விடமாட்டார்கள்.